எரிகோ வழியில் ஒரு போதகர்

ஞானாபரணம் போதகர் பிரசங்கம் பண்ணினால் கைக்குழந்தைகூட அழாது என்று சபையில் சொல்வார்கள். தாமிரபரணிக் கரையோரத்தில் அவர் ஏறாத பிரசங்க மேடை இல்லை. எந்த வசனத்தைக் கேட்டாலும் அது வரும் இடத்தைச் சொல்லி, அதற்கு முன்னும் பின்னும் உள்ளதையும் சேர்த்துச் சொல்வார்.

அறுபது தாண்டியதும் அவருக்குப் பார்வை மங்க ஆரம்பித்தது. கண்ணுக்குள் அழுத்தம் என்றார் டாக்டர். போன பார்வை திரும்பாது, இருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும் என்றார்.

"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று மனைவிக்குத் தைரியம் சொன்னார் போதகர். பிறகு லென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வாசிக்க உட்கார்ந்தார். தட்டில் போட்ட சோறு ஆறிப்போகும், எழுந்திருக்க மாட்டார். கண் போவதற்குள் வேதம் முழுவதையும் நெஞ்சில் ஏற்றிவிட வேண்டும் என்று ஒரு வெறி. ஆனால் ஏற்ற ஏற்ற நெஞ்சு காலியாகவே இருந்தது. அதுதான் அவருக்குப் புரியவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜெப ஆசிரமம் இருந்தது. அதை நடத்திவந்தவர் அக்சாள் அம்மா. போதகரைவிட இருபது வயது இளையவர். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர். வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். வேத தியானம் பழக அவரிடம் ஜனங்கள் தூரத்திலிருந்தெல்லாம் வருவார்கள்.

அங்கி போட்ட ஐயா ஒரு பெண்ணிடம் போய்க் கற்றுக்கொள்வதா என்று சபையில் சிலர் முணுமுணுத்தார்கள். போதகர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெரியாததைக் கேட்க அவர் என்றைக்கும் கூச்சப்பட்டதில்லை. சில நாள் தங்குவதற்குப் பையோடு ஆசிரமத்துக்குப் போனார்.

"அம்மா, எனக்கு நேரம் கொஞ்சம்தான் இருக்கு," என்றார். "எதை முதல்ல படிச்சு வச்சுக்கணும்? எப்படித் தியானிக்கணும்? சொல்லிக் கொடுங்க."

அக்சாள் அம்மா வேதப்புத்தகத்தைத் திறந்து ஓர் இடத்தை நிதானமாக வாசித்தார். எரிகோ ஊருக்கு வெளியே பார்வையில்லாத ஒருவன் வழியோரம் உட்கார்ந்து பிச்சை எடுக்கிறான். ஆண்டவர் அந்த வழியாகப் போகிறார். அவன் கத்திக் கூப்பிடுகிறான். கூட்டம் அவனை அதட்டுகிறது. ஆண்டவர் நின்று, அவனை வரவழைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டார்.

"இது போதும் ஐயா. இங்கே இருக்கிற வரைக்கும் வேற எதையும் வாசிக்க வேண்டாம்."

"இது எனக்கு மனப்பாடமா தெரியுமே அம்மா!"

"தெரியும் ஐயா."



மறுநாள் காலையில் போதகர் உற்சாகமாக வந்தார். அந்தப் பிச்சைக்காரனின் தகப்பன் பெயர் எதற்காகச் சொல்லப்பட்டிருக்கிறது, அவன் ஏன் மேல்வஸ்திரத்தை உதறிவிட்டு எழுந்தான், அவனுடைய குறை எல்லாருக்கும் தெரிந்திருந்தும் ஆண்டவர் ஏன் வாய்விட்டுக் கேட்டார் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். அந்த விளக்கம் அழகாக இருந்தது. அடுப்படியில் வேலையாக இருந்தவர்கள்கூட வாசலில் வந்து நின்று கேட்டார்கள்.

அக்சாள் அம்மாவின் முகம் மலர்ந்தது. "வஸ்திரத்தைப் பத்தி இப்படி நான் யோசிச்சதே இல்ல ஐயா," என்றார். பிறகு, "நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்.

"யார்கிட்ட?"

"என்ன வேணும்னு அவர் கேட்டாரே. நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

போதகருக்குச் சுருக்கென்றது. "என்னம்மா இது? அது என்கிட்ட கேட்ட கேள்வி இல்ல. ஒரு குருடன்கிட்ட கேட்டது."

சொன்ன வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. அக்சாள் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் நின்றவர்கள் சத்தமில்லாமல் உள்ளே போனார்கள்.

போதகர் எழுந்தார். அன்று மதியமே ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தார். பையை எடுத்துக்கொண்டு போகிற வழியில் ஜெபவீடு இருந்தது. உள்ளே யாரும் இல்லை. சும்மா நுழைந்தார்.

கண்ணை மூடியதும் எரிகோ வழி தெரிந்தது. புழுதி, கூட்டம், சத்தம். இத்தனை வருஷப் பிரசங்கத்தில் தான் எங்கே நின்றுகொண்டிருந்தோம் என்று முதல்முறையாகப் பார்த்தார். ஆண்டவருக்குப் பக்கத்தில், கூட்டத்தைப் பார்த்து விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றிருந்தார். பிச்சைக்காரன் எப்போதும் அவருக்கு முதுகுப் பக்கம்தான் இருந்தான்.

 தரையில் உட்கார்ந்தார்.

உனக்கு என்ன வேண்டும்?

பார்வை வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தார். தினமும் கேட்டுக்கொண்டிருந்ததுதான், ஆனால் அன்று அது வரவில்லை. வேறொன்று வந்தது.

"பயமாயிருக்கு ஆண்டவரே."

டாக்டரிடம் அதைச் சொன்னதில்லை. மனைவியிடம் சொன்னதில்லை. பிறருக்காக மணிக்கணக்கில் ஜெபித்த அந்த வாய், தனக்காக அப்படியொரு வார்த்தையைச் சொன்னதே இல்லை. ஒருமுறை சொன்னதும் அடக்க முடியாமல் அழுதார். இருட்டில் எப்படி நடப்பேன் என்று கேட்டார். எல்லாருக்கும் பாரமாகிவிடுவேனோ என்று கேட்டார். பிறகு கேட்கவும் ஒன்றும் மிச்சமில்லை.

வெயில் சாய்ந்தபின் வெளியே வந்தார். அக்சாள் அம்மா கிணற்றடியில் கீரை அலசிக்கொண்டிருந்தார். போதகர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொன்ன மனுஷன், ஒரு பிள்ளையைப் போலச் சொன்னார். அக்சாள் அம்மா கை ஈரத்தோடு அப்படியே நின்று கேட்டார்.

"அப்புறம் ஐயா?"

"அப்புறம் ஒண்ணுமில்ல அம்மா. தோத்துட்டேன்னு நினைக்கிறேன். அவர் பதிலே சொல்லல. எனக்கு ஒரு வசனம்கூட ஞாபகத்துக்கு வரல. ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தோம். அவ்வளவுதான்."

"ஜெபவீட்டுல உங்ககூட யாராவது இருந்தாங்களா ஐயா?"

"யாரும் இல்லையே. நான் தனியாத்தான் இருந்தேன்."

அக்சாள் அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"இப்ப 'உக்காந்திருந்தோம்'னு சொன்னீங்களே ஐயா."

போதகர் ஜெபவீட்டைத் திரும்பிப் பார்த்தார்.