சுவர் முடியாத கூடு

குருவிக்கும் ஓணானுக்கும் பேச்சுவார்த்தை இருந்த அந்தக் காலத்தில், தூக்கணாங்குருவிகளில் ஆண்தான் ஒற்றையாளாக முழுக் கூட்டையும் கட்டும். கட்டி முடித்த பிறகுதான் பெண்ணை அழைக்கும்.

அப்படித்தான் கிணற்றின்மேல் சாய்ந்திருந்த கருவேல மரத்தில் கூடு கட்டினான் மஞ்சத்தலையன். நெல்தாளைக் கிழித்துப் பின்னிய பின்னல் அவ்வளவு நெருக்கம். காற்றே வழி கேட்டுத்தான் உள்ளே வரும். அதோடு விட்டிருக்கலாம். உள்சுவரில் பொட்டு வைத்தால் எடுப்பாக இருக்குமே என்று தோன்றிவிட்டது. கிணற்றோரத்து ஈரமண்ணை அலகில் அள்ளிவந்து வரிசை வரிசையாக வைத்தான். சுவர் முடிகிற இடத்தில் சேலைக்கு இருப்பதுபோல் ஒரு கரை கட்டிவிட்டால் வேலை தீர்ந்தது.

சுவர் முடிந்தால்தானே?

மேலே போகப்போக அது மெல்ல வளைந்தது. எதுவரை சுவர், எங்கிருந்து கூரை என்று தெரியவில்லை. வளைவோடு போனவன் தலைகீழாகத் தொங்கினான், இன்னும் போனான், மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தான். கடைசியில் தொடங்கிய பொட்டே எதிரில் நின்றது. சரி, இன்னொரு சுற்று.

கிளையில் வெயில் காயும் ஓணான் தலையாட்டிக் கேட்கும்: "மாப்ளே, சுவர் முடிஞ்சுதா?"

"வளைஞ்சுட்டே இருக்குதுங்க மாமா."

"உனக்குப் பொண்டாட்டி வர்றதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துருவான் போல."

பெண்கள் வராமலில்லை. வந்தவர்களிடமெல்லாம், "கரை கட்டலீங்க, அப்புறமா வாங்க" என்றான். அவர்கள் வேறு கூடு பார்த்துக்கொண்டார்கள். முடியாத வேலையில் ஒரு சொகுசு உண்டு. முடிக்கிறவரை அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மேற்கே மேகம் திரண்டுவிட்டது, பக்கத்துக் கூடுகளில் முட்டையும் இட்டாகிவிட்டது. இந்த மழைக்கும் தனிக்கட்டைதானா?

முதல் தூறலோடு பூவாத்தாள் என்றொரு பெண்குருவி வந்தாள். "கரை கட்டலீங்க" என்று அவன் ஆரம்பிப்பதற்குள் உள்ளே புகுந்துவிட்டாள். அண்ணாந்து பார்த்துச் சுற்றிச் சுற்றிவந்து, தலை கிறுகிறுத்துச் சிரித்தாள்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. இதுல நான் செய்ய என்ன மிச்சம்?"

"நீங்க சும்மா பார்த்துட்டிருந்தாப் போதுமுங்க, அம்மணி."

"பார்த்துட்டிருந்தா குஞ்சு பொரிஞ்சுருமா?"

அவன் தயங்கித் தயங்கித் தன் சிக்கலைச் சொன்னான். சுவர் முடியமாட்டேன் என்கிறது. கரையை எங்கே கட்டுவது?

பூவாத்தாள் வெளியே வந்து, கூட்டின் நடுவில் அலகை வைத்துச் சுற்றிலும் அறுத்தாள். கீழ்ப்பாதி முழுவதும், அவனுடைய அருமையான பொட்டுகளோடு, பொத்தென்று கிணற்றில் விழுந்தது. ஓணான் தலையாட்டுவதையே நிறுத்திவிட்டது.

மேல்பாதி மட்டும் கவிழ்த்த குண்டானாகத் தொங்கியது. அதன் வாய்க்குக் குறுக்கே அறுபடாமல் நின்ற நெல்தாளில் உட்கார்ந்து அவள் ஊஞ்சலாடினாள்.

"இந்தாங்க, சுவர் முடிஞ்சுபோச்சு. உங்க கரையை இங்க கட்டுங்க. மத்ததை நான் சொல்றாப்பல பின்னிக்கலாம்."

அழுகைதான் வரும் என்று நினைத்தான் மஞ்சத்தலையன். சிரிப்பு வந்தது. ஈரமண்ணுக்குப் பறந்தான். மழை வலுக்கும் முன்பு முட்டைக்கு ஓர் அறையும், போகவர நீளமாக ஒரு வாசலும் ஆகிவிட்டன. கரைக்குக் கீழே சுவர் மறுபடியும் வளையத்தான் செய்தது. அதைக் கவனிக்க அவனுக்கு நேரமில்லை. நாலு குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

அன்று முதல்தான் ஆண் தூக்கணாங்குருவி கூட்டைப் பாதியில் நிறுத்தி, உள்ளே நாலு மண்பொட்டு வைத்துவிட்டு, சிறகடித்துப் பெண்ணைக் கூப்பிடுகிறது. அவள் வந்து உட்கார்ந்து, ஆடிப் பார்த்து, சரி என்றால்தான் மீதிப் பாதி.