சுவருக்குள் ஒரு கேபிள்

வீட்டுக்காரர் செங்கோடன் ஒத்திக்கு விடும்போது போட்ட ஒரே சட்டம், சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்பதுதான். குடிவந்த பவுனம்மாள், இறந்துபோன தன் கணவரின் படத்தைத் தரையில் சாத்தி வைத்தே பூப்போட்டாள். ஐப்பசி மழையில் சுவருக்குள் ஓடிய கரண்ட் கேபிள் பழுதாகி, சுவரைத் தொட்டாலே ஷாக் அடித்தது.

"குடியிருக்கறவங்கதான் மாத்திக்கணும்," என்றார் செங்கோடன்.

"மாத்திக்கறனுங்கண்ணா. ஒரு ஆணிகூட அடிக்காம உள்ள இருக்கற கேபிளை எப்படி வெளிய எடுக்கறதுன்னு மட்டும் சொல்லிருங்க."

கூட வந்திருந்த ஒயர்மேன் சிரித்துவிட்டார். செங்கோடன் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு, அவரிடம் உடைக்கச் சொன்னார்.

செங்கோடன் செலவிலேயே சுவரை உடைத்துப் புதுக் கேபிள் போட்டுப் பூசினார்கள். பூச்சு காய்ந்ததும் அவரே சுத்தியலும் ஆணியுமாக வந்து நின்றார்.

"படத்தை எங்க மாட்டோணும், சொல்லு அம்மிணி."