எத்திராஜ் வழக்குக்கு எந்தக் கேமரா?

எங்களுக்கு நடக்கும் அநீதிகளை வரிசை எண் போட்டு எழுதுவோம். எண்ணை மாற்றுவதில்லை, இடையில் விடுவதில்லை. செய்தவர் பெயரை இரண்டு சாட்சிகள் முன் உரக்க வாசித்த பிறகே தொழிலாளர் சங்க நோட்டில் ஏறும். தோல் ஆலையின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிச் செத்தவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. அது வேறு பட்டியல், இதைவிட நீளம். இது அவர்கள் செத்த பிறகு நடந்தவை.

ஒன்று. முகமூடி இல்லாமல் ஆட்களைத் தொட்டியில் இறக்குவதை, சாலைக்கு எதிரே இருந்த தண்ணீர் டேங்க்கில் ஏறிச் செல்போனில் படம் எடுத்துக் கொடுத்தோம். "இது ஆளா, காக்கையா?" என்று கேட்டு விசாரணையை மூடினார்கள். செய்தவர்: விசாரணை அதிகாரி தனசீலன்.

இரண்டு. தொட்டியிலிருந்து உயிரோடு ஏறியவர் அரைமணி நேரம் பேசியதைச் செல்போனில் வீடியோ எடுத்தோம். ஜெனரேட்டர் சத்தம்தான் பதிவானது. "வாய் அசைகிறது, வாக்குமூலம் எங்கே?" என்றார்கள். செய்தவர்: அதே தனசீலன்.

மூன்று. கல்யாண ஸ்டுடியோ கேமராவை இரவல் வாங்கி, முகமும் குரலும் தெளிவாக எடுத்தோம். அசல் மெமரி கார்டைக் கேட்டார்கள். நகல் எடுக்காமல் கொடுத்தோம். அப்படியொரு கார்டு வரவே இல்லை என்று எழுதிவிட்டார்கள். செய்தவர்: தனசீலனேதான்.

அன்று சபதம் செய்தோம். இனி செல்போன் இல்லை, இரவல் இல்லை. சங்கத்துக்குச் சொந்தமாக, லென்ஸ் மாற்றிப் போடும் நல்ல மிரர்லெஸ் கேமரா ஒன்று.

எத்திராஜ் செத்தது அதற்குப் பிறகு. அவர் தங்கள் ஆளே இல்லை, வழியே போனவர் தவறி விழுந்தார் என்றது ஆலை. அவரோடு தொட்டியில் இறங்கி, அவரைத் தோளில் தூக்கப் பார்த்து, முடியாமல் தனியாக ஏறி வந்தவர் தேவநேசன். பார்த்த சாட்சி அவர் ஒருவர்தான். நுரையீரல் வெந்து வீட்டில் படுத்திருந்தார். தலைமாட்டில் ஆக்சிஜன் இயந்திரம் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. மாதக் கடைசியைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விசாரணை அடுத்த மாதம் பத்தாம் தேதி.

நாங்கள் நால்வர் இலியாஸ் பாய் கேமரா கடைக்குப் போனோம். ஒரு செட்டுக்குத்தான் எங்களிடம் பணம் இருந்தது. எங்கள் குழுவில் ஓட்டெடுப்பு கிடையாது. எல்லோரும் ஒப்பினால்தான் முடிவு. அந்த விதியை முப்பது வருடத்துக்கு முன் எழுதியவன் நான்.

கல்யாண வீடியோ எடுக்கும் பெனடிக்ட் முதலில் பேசினான். "கேமரா பாடி எதுவா இருந்தாலும் சரி தலைவரே. தூரத்துல இருக்கிறதைக் கிட்ட இழுத்துக் காட்டற எழுபது-முந்நூறு லென்ஸ் வாங்குங்க. வாராவாரம் வெள்ளிக்கிழமை தொட்டியைத் திறக்கறான். டேங்க் மேல இருந்தே இறங்கறவன் மூக்குல இருக்கிற மச்சம் வரைக்கும் எடுத்துத் தர்றேன்."

"மச்சத்தை எடுத்து? கார்டைத் தனசீலன் கையில குடுத்துட்டு வரவா?" என்றார் எங்கள் வக்கீல் ஷகீலா. "ரெண்டு கார்டு போடற பாடி வாங்குங்க. கூட வர்ற சின்ன லென்ஸே போதும். எடுக்கும்போதே ரெண்டுலயும் ஏறிடும். ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு நமக்கு."

"நகல் எடுக்க ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் போதாதா மேடம்?" என்றான் பெனடிக்ட்.

"போன தடவை அந்தக் கடை பூட்டியிருந்துச்சா?"

எத்திராஜின் மனைவி பூங்காவனம் கடைசியாகப் பேசினார். "எனக்கு லென்சும் தெரியாது, கார்டும் தெரியாது. தேவநேசண்ணன் ஒரு வார்த்தை சொல்லி ரெண்டு வாட்டி மூச்சு வாங்கறாரு. அந்த மிஷின் சத்தத்துல அவர் குரல் கேக்கணும். சட்டையில குத்தற மைக்கு, ஒரு ஸ்டேண்டு, கூட ரெண்டு பேட்டரி. நடுவுல நின்னுபோனா மறுபடி சொல்ல அவருக்குத் தெம்பில்ல."

இலியாஸ் பாய் சின்ன மைக் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "அவசரம்னா இதை மட்டும் இன்னைக்கு எடுத்துட்டுப் போங்க. போன்லயும் வேலை செய்யும். உங்க சண்டை முடிஞ்சதும் கேமராவுக்கு வாங்க."

"பாய், நாங்க பாதிப் போராட்டம் நடத்தற ஆளுங்க இல்ல. செல்போன் இல்லைன்னா இல்லைதான்" என்றேன். பெனடிக்ட் கைதட்டினான். பாய் மைக்கைப் பெட்டிக்குள் வைத்தார்.

பிறகு மூன்று கூட்டம் போட்டோம். பன்னிரண்டு நாள் ஓடியது. ஒருவரும் இறங்கி வரவில்லை. கேமரா ஒன்று, காயம் மூன்று. படிப்பவரே, நீங்கள் சொல்லுங்கள்: மூவரில் யார் கேட்டது சரி?

விடை இது. தொட்டி அடுத்த வெள்ளியும் திறக்கும். கார்டை எந்தக் கம்ப்யூட்டரிலும் நகல் எடுக்கலாம். தேவநேசனின் மூச்சுக்கு மட்டும் அடுத்த வாரம் என்று ஒன்று இல்லை. ஆகவே பூங்காவனம் கேட்டதே சரி. பதின்மூன்றாம் நாள் எல்லோரும் ஒப்பினோம். கேமரா, மைக், ஸ்டேண்டு, பேட்டரி எல்லாவற்றோடும் போய் நின்றபோது ஆக்சிஜன் இயந்திரத்தை அணைத்திருந்தார்கள். அந்த அறையில் அப்படியொரு அமைதி. அவர் பேசியிருந்தால் மைக்கே தேவைப்பட்டிருக்காது.

பத்தாம் தேதி தனசீலன் சாட்சி உண்டா என்று கேட்டார். இல்லை என்றோம். தேநீர் ஆறுவதற்குள் விசாரணைக் கோப்பை மூடினார். அன்று மாலை சங்கத்தில் நோட்டை நான் எடுக்கப் போனேன். பூங்காவனம் அதை வாங்கிக்கொண்டார். ஷகீலாவையும் பெனடிக்டையும் சாட்சிக்கு நிற்கச் சொன்னார். நான் தனசீலன் பெயருக்காகக் காத்திருந்தேன். பூங்காவனம் தான் எழுதி வந்த தாளை எழுத்துக்கூட்டி, உரக்க வாசித்தார்:

"நாலு. தேவநேசன் உயிரோட இருந்தப்போ கைக்கு வந்த மைக்கைத் திருப்பிக் குடுத்தது. செய்தவர்: சங்கத் தலைவர் மு. கோதண்டம்."