மண்சுவருக்குள் ஒரு குரல்

மலைச்சரிவில் இருந்த ஓர் உயரமான மரப்பொந்துக்குள் வெண்கண்ணி என்ற இருவாச்சிப் பறவை தன் இரண்டு குஞ்சுகளோடு அடைந்திருந்தது.

இருவாச்சிகளின் வழக்கம் கொஞ்சம் விசித்திரமானது. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம் இருக்கும். உள்ளே இருக்கும்போது இறகுகள் உதிர்ந்துவிடுவதால் நினைத்தாலும் பறக்க முடியாது. ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும். புது இறகு முளைக்கும்வரை இப்படித்தான் காலம் ஓடும்.

இதற்கு அவர்கள் குலத்தில் இரண்டு சட்டங்கள் உண்டு. அடைந்த பறவை குரல் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மரநாய்க்குக் கேட்டுவிடும். துணையின் அலகைத் தவிர வேறு யாரிடமும் பழம் வாங்கவும் கூடாது. வாங்கினால் குலத்துக்கே கேவலமாம். முதல் சட்டத்தில் புத்தி இருக்கிறது. இரண்டாவதில் இருப்பது வெறும் வீம்பு.

வெண்கண்ணிக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. இரண்டையும் ஒன்றாகவே கட்டிக்கொண்டு அழுதது. பொந்துக்குள் போகும் நாளில் தோழி சாமரையை அழைத்துக் கண்டிப்பாகப் பேசியது. சாமரை ஒரு மலையணில். இருவரும் ஒரே அத்திமரத்தில் பல வருஷம் சேர்ந்து சாப்பிட்டவர்கள். கழுகு தலை காட்டினால் சாமரை கத்தி எச்சரிக்கும். வெண்கண்ணியோ சாமரைக்கு எட்டாத பழங்களைப் பறித்துப் போடும்.

“நான் வெளியே வர்ற வரைக்கும் இந்த மரத்துப் பக்கமே வராதே. என்னைக் கூப்பிடவும் கூப்பிடாதே” என்றது வெண்கண்ணி.

சாமரையும் தலையாட்டியது. பிறகு பொந்தின் வாசல் மூடியது. குஞ்சுகள் பொரிந்தன. துணைப்பறவை செங்கண்ணன் ஒரு நாளைக்கு ஆறேழு நடை பழம் கொண்டுவந்தது.

ஒரு மத்தியானம் மலையே ஆடுகிற மாதிரி ஒரு காற்று அடித்தது. மழை கொட்டியது. தூரத்தில் மரங்கள் முறிந்து விழும் சத்தம் கேட்டது. மறுநாள் செங்கண்ணன் வரவில்லை.

‘பழமெல்லாம் உதிர்ந்திருக்கும். தேடிக்கொண்டு தூரமாகப் போயிருப்பார்’ என்று வெண்கண்ணி தன்னைத்தானே தேற்றிக்கொண்டது.

இரண்டாம் நாளும் வரவில்லை. குஞ்சுகள் கத்திக்கொண்டே இருந்தன. வெண்கண்ணி கீறல் வழியாக எட்டிப் பார்த்தது. எதிர் மரத்துக் கிளையில் சாமரை உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். குரல் தொண்டைவரை வந்தது. ஆனால் வராதே என்று சொன்ன வாயாலேயே எப்படி வா என்று கூப்பிடுவது? காடெல்லாம் என்ன பேசும்? வெண்கண்ணி அலகை மூடிக்கொண்டது. அது மரநாய்க்குப் பயந்து மூடிய அலகு இல்லை. வெட்கத்துக்குப் பயந்து மூடியது.

மூன்றாம் நாள் சின்னக் குஞ்சின் சத்தம் நின்றுவிட்டது. அது வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. அப்போதும் தாய் கூப்பிடவில்லை. சாயங்காலத்துக்குள் செங்கண்ணன் வந்துவிடும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் காலையில் சின்னது வாயையும் திறக்கவில்லை. வெண்கண்ணி அலகைக் கீறலுக்கு வெளியே நீட்டியது.

“சாமரை! அவர் நாலு நாளா வரலைடி. பிள்ளைங்க பட்டினி கிடக்குதுங்க. ஓடி வா!”

பள்ளத்தாக்கு முழுக்க அந்தக் குரல் எதிரொலித்தது. அது அடங்குவதற்குள் சாமரை பாய்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் வாயில் மூன்று அத்திப்பழத்தோடு கீறல் முன்னால் நின்றது. வெண்கண்ணி ஒரு கணம் தயங்கியது. பிறகு பிறர் வாயிலிருந்து பழத்தை வாங்கிக்கொண்டது. வானம் இடிந்து விழவில்லை.

பெரிய குஞ்சு ஆவலாக விழுங்கியது. சின்னதின் அலகில் வைத்த பழம் உருண்டு கீழே விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தது தாய். மறுபடியும் உருண்டது.

பழத்தைக் கீழே வைத்துவிட்டு வெண்கண்ணி கேட்டது: “அவர் எங்கேன்னு உனக்குத் தெரியுமா?”

சாமரை தலையைக் குனிந்துகொண்டது. காற்றடித்த அன்று செங்கண்ணன் ஒதுங்கியிருந்த மரம் அடியோடு சாய்ந்துவிட்டதாம். செங்கண்ணன் அதன் அடியில் சிக்கி இறந்துபோனதாம். சாமரை அதைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறது.

“ஏன்டி அன்னைக்கே வந்து சொல்லலை?”

“நீ வராதேன்னு சொல்லியிருந்தே. எப்படிச் சொல்றதுன்னும் தெரியலை. நீ கூப்பிடட்டும்னு நாலு நாளா உன் வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.”

“நீயா வருவேன்னு நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்” என்றது வெண்கண்ணி.

மண்சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் அழுதன. ஆனால் பெரிய குஞ்சு மறுபடி கத்தியது. உட்கார்ந்து துக்கம் கொண்டாட நேரம் இல்லை.

சாமரையின் சின்ன வாயில் ஒரு நடைக்கு மூன்று பழம்தான் கொள்ளும். அது போதாது. பக்கத்துச் சோலையில் கருமந்திக் கூட்டம் ஒன்று இருந்தது.

“அவங்ககிட்டயும் போய்க் கேளு. நான் கேட்டேன்னே சொல்லு” என்றது வெண்கண்ணி. இந்தத் தடவை அதற்குத் தயக்கமே இல்லை.

கருமந்திகள் பழம் காய்த்த கொம்புகளை அப்படியே ஒடித்துக்கொண்டு வந்து பொந்தருகே கிளைக்கவட்டில் செருகின. சாமரை ஒவ்வொரு பழமாக எடுத்து நீட்டியது. ஒரு சாயங்காலம் மரநாயும் வரத்தான் செய்தது. குரல் கொடுத்தால் ஆபத்து வரும் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் வெண்கண்ணி இப்போது தனியாக இல்லையே! கருமந்திகள் போட்ட கூச்சலில் மரநாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

நாள்கள் போயின. புது இறகுகள் முளைத்தன. வெண்கண்ணி மண்சுவரைக் கொத்தி உடைத்தது. இரண்டு குஞ்சுகளோடு அடைந்திருந்த பறவை ஒன்றோடு வெளியே வந்தது. வெளிச்சத்தில் கண் கூசியது. பறக்காமல் சாமரையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

“இனிமே நான் கூப்பிடலைன்னாலும் நீ வந்துடு” என்றது.

“நீ வராதேன்னு சொன்னாலும் வருவேன்” என்றது சாமரை.

துன்ப காலத்தில் நண்பரைக் கூப்பிட வெட்கப்படக் கூடாது, நண்பர் கூப்பிடவில்லையே என்று போய்ப் பார்க்காமல் இருந்துவிடவும் கூடாது.