கோட்டுக்குள் நின்ற உப்பு வணிகன்

எந்த ராஜா ஆண்ட காலம் என்று கேட்காதீர்கள்; அவன் பேர் எனக்கும் மறந்துவிட்டது. அவன் போட்ட சட்டம் ஒன்றுதான் மறக்கவில்லை. கடன் கொடுத்தவன், வாங்கியவனைத் தெருவில் கண்டால், அவனைச் சுற்றித் தரையில் கோலால் ஒரு வட்டம் கீறலாம். பணத்தை வைக்காமல் கோட்டைத் தாண்டினால் ராஜதண்டனை. அடி கிடையாது, உதை கிடையாது. ஊர் பார்க்க நிற்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு அடியே மேல் என்பார்கள் நின்றவர்கள்.

அந்த நாட்டுக் கடற்கரையில் சேந்தன் என்று ஓர் உப்பு வணிகன் இருந்தான். ஒரு வண்டி, இரண்டு மாடு, நங்கை என்ற மனைவி. நல்லவன்தான். ஆனால் வட்டிக்கு விடும் காரிச் செட்டியார் அவனுக்கு ஓர் ஓலை கொடுத்திருந்தார். அதைக் காட்டினால் எந்தக் கடையிலும் சரக்குக் கிடைக்கும். கடைக்காரனுக்குச் செட்டியார் கொடுத்துவிடுவார். செட்டியாருக்குச் சேந்தன் பிறகு கொடுக்க வேண்டும். காசில்லாமல் வாங்குவது எத்தனை சுகம் தெரியுமா? உங்களுக்குத் தெரியும், சிரிக்காதீர்கள். பட்டு வாங்கினான், பித்தளை விளக்கு வாங்கினான், மாட்டுக் கொம்புக்குப் பூண் வாங்கினான். முப்பது பணம் கடன் ஏறியது. மாதம் மூன்று பணம் வட்டி.

இன்னொன்றும் உண்டு. மாட்டுக் கொட்டிலில் சேந்தன் ஒரு கலயம் புதைத்து வைத்திருந்தான். அதிலும் முப்பது பணம். முன்னொரு மழையில் வண்டி உப்பு முழுக்கக் கரைந்து, மூன்று நாள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அந்தப் பயத்தில் சேர்த்த பணம். நங்கையிடம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் செலவு செய்துவிடுவாளாம். செலவாளி யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

முதல் மாதம் வட்டி கட்டினான். இரண்டாம் மாதமும் கட்டினான். அப்புறம் விற்பனை மந்தம். இரண்டு மாதம் கட்டவில்லை. ஒருநாள் சந்தை நடுவில் செட்டியார் வட்டத்தைக் கீறிவிட்டார்.

"ஆறு பணம் வட்டி, சேந்தா. வச்சிட்டு நட."

"கையில ஒண்ணும் இல்லீங்க, செட்டியாரே."

கையில் இல்லைதான். மண்ணுக்குள் இருந்தது. 'அது ஆபத்துக்கு வைத்தது, அதைத் தொடலாமா' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நின்றான். மீன்காரிகள் பார்த்தார்கள். அவனிடம் உப்பு வாங்குகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி போனவர்களும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

யாரோ சொல்லி நங்கை ஓடிவந்தாள். கோட்டருகே வந்ததும் இரண்டு காதிலிருந்தும் தோட்டைக் கழற்றிச் செட்டியார் கையில் வைத்தாள். தாய்வீட்டில் போட்ட தோடு.

"இது ஆறு பணம் பெறும். அவரை விட்டுடுங்க."

'வேண்டாம், வீட்டில் பணம் இருக்கிறது.' ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் ஊர் காறித் துப்பும். சொல்லாவிட்டால் தோடு போகும். சேந்தன் வாயைத் திறக்கவில்லை. தோடு போயிற்று. சொல்கிற எனக்கே வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் அவள் வெறும் காதோடு குனிந்து சோறு போட்டாள். அவன் சோற்றைத் தொடாமல் தள்ளி வைத்தான். எழுந்துபோய்க் கலயத்தைத் தோண்டினான்; முப்பது பணத்தையும் கொண்டுபோய்ச் செட்டியார் முன்னால் கொட்டிக் கடனை அடைத்தான். ஒரு பணம்கூட மிச்சம் வைக்கவில்லை. அவமானப்பட்டவன் நிதானமாக யோசிப்பானா? நங்கையிடம், "பழைய பாக்கி ஒண்ணு வந்துச்சு, கடன் தீர்ந்துது" என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தான்.

பத்தாம் நாள் காலம் தவறி மழை கொட்டியது. வண்டி உப்பு கரைந்து தெருவோடு ஓடியது. புது உப்புக்குப் பத்துப் பணம் வேண்டும், கலயமோ காலி. மறுபடியும் செட்டியார் வாசல்.

"கோட்டுக்குள்ள நின்னவனுக்கு வட்டி ரெட்டிப்பு" என்றார் அவர். சேந்தன் தலையைக் குனிந்துகொண்டு வாங்கினான்.

அவன் திரும்பி வந்தபோது நங்கை கொட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மழைத் தண்ணீரை வாரப் போனவள் குழியைப் பார்த்துவிட்டாள். காலிக் கலயம் மடியில் இருந்தது.

"இதுல எவ்வளவு இருந்துச்சு?"

"முப்பது."

"எப்போலேருந்து?"

"மூணு வருஷமா."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "அன்னிக்கே இருபதைக் கடனுக்குக் கட்டிட்டு, பத்தை மழைக்குன்னு வச்சிருந்தா, கோட்டுக்குள்ளயும் நின்னிருக்க வேணாம், இந்த ரெட்டிப்பு வட்டியும் வேணாம்."

சேந்தன் தலையாட்டினான். அதோடு அவள் விட்டிருக்கலாம். விடவில்லை.

"நான் தோட்டைக் கழட்டுறப்போ, இந்தக் கலயம் உங்க நினைப்புக்கு வரலையா?"

வரவில்லை என்று சொன்னால் அவள் நம்பியிருப்பாள். நம்பத்தான் கேட்டாள். ஆனால் அவளிடம் இன்னொரு பொய் சொல்ல அவனுக்கு நா எழவில்லை.

"வந்துச்சு" என்றான்.

நங்கை கலயத்தைக் கீழே வைத்தாள். எழுந்துபோய் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினாள். ரொம்ப நாள் வரைக்கும் அவனிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, ஆபத்துக்கென்று அளவாகக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு மீதியை வட்டி ஏறும் கடனுக்குக் கட்டுங்கள், இரண்டையும் கூட வாழ்கிறவளிடம் மறைக்காதீர்கள்.