கூரைக்குக் கீழே நாற்பது பிள்ளைகள்

முன்னொரு காலத்தில் வல்லபராயர் என்றொரு ராஜா நாடாண்டு வந்தார். பிறர் நாட்டில் எதைப் பார்த்தாலும் அது மறுநாளே தம் நாட்டிலும் இருக்க வேண்டும் அவருக்கு. ஒருமுறை பக்கத்து நாட்டுக்குக் கல்யாணத்துக்குப் போனவர், அங்கே தெருவுக்குத் தெரு பிள்ளைகள் பாடம் படிக்கும் சத்தத்தைக் கேட்டார். திரும்பி வந்ததும், நம் ஊரிலும் அப்படிக் கேட்க வேண்டும், ஆனால் புதிதாக வரி போடக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

கருவூலத் தலைவர் மார்த்தாண்டர் அதற்கு ஒரு வழி சொன்னார். வாரம் ஒருநாள் கடைத்தெருவில் குலுக்கல் சீட்டு நடத்துவது. பேர் விழுந்தவருக்குப் பரிசு, மிச்சப் பணமெல்லாம் பள்ளிக்கூடங்களுக்கு. ராஜாவுக்கு யோசனை மிகவும் பிடித்துவிட்டது. சபையின் விகடகவி குழைக்காதனை அழைத்து, குலுக்கல் மேடையில் நின்று நாலு வேடிக்கை சொல்லி ஜனங்களைச் சீட்டு வாங்கவைக்கச் சொன்னார். குழைக்காதனும் சொன்னான். சீட்டு அமோகமாக விற்றது.

இப்படி இரண்டு வருஷம் போனது. ஓர் ஐப்பசி மாதக் காலையில், உப்பு விற்கிற ஆவுடையம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குழைக்காதனை வழிமறித்தாள்.

"சாமி, வாரம் தவறாம சீட்டு வாங்குறேன். பரிசு விழலேன்னு கேக்க வரல. எம் மக படிக்கிற பள்ளிக்கூடத்துல மழை பெஞ்சா பிள்ளைங்க எந்திரிச்சி நிக்குதுங்க. கூரை எப்பதான் வரும்? நீங்கதானே மேடையில நின்னு சொன்னீங்க?"

குழைக்காதன் நேராக அவள் மகள் படிக்கும் தெற்குக் கடைத்தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். மக்கிப்போன ஓலைக் கூரை, தரையெல்லாம் ஈரம். நாற்பது பிள்ளைகள் காய்ந்த ஒரு மூலையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் நல்லபெருமாள் நடந்ததைச் சொன்னார். சீட்டுப் பணம் நூறு பொன் மேளதாளத்தோடு வந்தது வாஸ்தவம்தான். ஆனால் மறுநாளே கருவூலத்து ஆள் வந்து, வழக்கமாக அரண்மனை தருகிற நூறு பொன்னை நிறுத்திவிட்டான். அதுதான் சீட்டுப் பணம் வருகிறதே என்றானாம். முன் வாசலில் நூறு வந்தது, பின் வாசலில் நூறு போனது. ஊரிலுள்ள எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் இதே கதி.

நிறுத்திய பணம் எங்கே போனது என்று விசாரிக்கக் குழைக்காதன் அதிக தூரம் அலையவில்லை. அரண்மனைக்கு எதிரிலேயே அது ஓங்கி நின்றது. கல்வி மேற்பார்வை மண்டபம் என்று பேர். தேக்குத் தூண், வழவழப்பான தளம், சொட்டு ஒழுகாத ஓட்டுக் கூரை. பள்ளிக்கூடங்களை மேற்பார்க்க இருபது பேர் அதில் இருந்தார்கள். இருபது பேரும் மார்த்தாண்டருக்கு ஏதோ ஒரு வழியில் மைத்துனர்கள். மழைக்காலமாதலால் யாரும் வெளியே போவதில்லை.

அன்றே சபையில் குழைக்காதன் விஷயத்தை எடுத்தான். மார்த்தாண்டர் பதறவில்லை. ஓலைச்சுவடிகளைக் கொண்டுவந்து விரித்தார். பரிசு போக மிச்சமான சீட்டுப் பணம் முழுவதும் பள்ளிக்கூடங்களுக்கே போயிருந்தது. கணக்கில் ஒரு காசு பிசகில்லை. பிறகு அவர் ராஜாவை வணங்கிச் சொன்னார்:

"மகாராஜா, குறை சொல்வது சுலபம். இவ்வளவு அக்கறையுள்ள விகடகவியாரையே அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மேற்பார்வையாளராக நியமித்துவிடலாமே. கருவூலத்திலிருந்து காசு கேட்காமல் அவர் கூரை போட்டுக் காட்டட்டும்."

நடக்க முடியாத காரியங்களை ஏவுவதில் ராஜாவுக்கு எப்போதுமே ஒரு குஷி. உடனே உத்தரவு எழுதச் சொன்னார். "வருகிற பௌர்ணமிக்குள் அந்த நாற்பது பிள்ளைகளும் ஒழுகாத ஓட்டுக் கூரையின் கீழ் உட்கார்ந்து பாடம் படிக்க வேண்டும். உனக்கு ஒரு காசு கிடைக்காது, ஓர் ஓடும் கிடைக்காது. யார் மீதும் குற்றம் சொல்லவும் கூடாது. முடியாவிட்டால் சபைப் பக்கமே வராதே."

வீட்டுக்குப் போன குழைக்காதனுக்குச் சோறு இறங்கவில்லை. சபையை விட்டால் அவனுக்குப் பிழைப்புக் கிடையாது. ஆனால் அதைவிட, மறுபடி ஆவுடையம்மாள் எதிரே வந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் அவனை அரித்தது. உத்தரவு ஓலையை எடுத்து ஒரு தரம் படித்தான். இன்னொரு தரம் படித்தான். பிறகு இலையை இழுத்துப் போட்டுக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டான்.

மறுநாள் காலை நல்ல மழை. குழைக்காதன் முன்னே நடக்க, நாற்பது பிள்ளைகளும் தலையில் வாழையிலையோடு வரிசையாகப் பின்னே வர, வாத்தியார் கடைசியில் வந்தார். ஊர்வலம் நேராக மேற்பார்வை மண்டபத்துக்குள் நுழைந்தது. மைத்துனர்கள் தடுக்கப் பார்த்தார்கள். குழைக்காதன் ராஜமுத்திரை போட்ட ஓலையை நீட்டினான், வழிவிட்டார்கள். பிள்ளைகள் வழவழப்பான தளத்தில் உட்கார்ந்து உரக்கப் பாடம் சொல்லத் தொடங்கினார்கள். சத்தம் எதிரே அரண்மனை வரைக்கும் கேட்டது.

ராஜா குடையோடு வந்தார். பின்னாலேயே மூச்சிரைக்க மார்த்தாண்டரும் வந்து, விகடகவி அரசாங்கக் கட்டடத்தில் அத்துமீறிவிட்டார் என்று முறையிட்டார்.

"குழைக்காதா, நான் என்ன சொன்னேன், நீ என்ன செய்திருக்கிறாய்?" என்றார் ராஜா.

"பிள்ளைகள் ஓட்டுக் கூரையின் கீழ் உட்கார வேண்டும் என்றீர்கள் மகாராஜா. கூரை பிள்ளைகளிடம் வர வேண்டும் என்று உத்தரவில் இல்லை. காசும் கேட்கவில்லை, ஓடும் கேட்கவில்லை, யாரையும் குற்றமும் சொல்லவில்லை. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. இந்த மண்டபம் எந்தப் பணத்தில் கட்டியது?"

ராஜா மார்த்தாண்டரைப் பார்த்தார். மார்த்தாண்டர் யோசித்தார். சீட்டுப் பணம் என்றால், அது முழுவதும் பள்ளிக்கூடத்துக்கே போனதாக அவரே காட்டிய கணக்கு பொய்யாகும். கருவூலப் பணம் என்றால், பள்ளிக்கூடங்களுக்கு நிறுத்திய பணம் அதுதான் என்றாகும்.

"கல்விக்கான பணம்தான், மகாராஜா," என்றார் மெல்ல.

"அப்படியானால் பிள்ளைகள் சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்," என்றார் ராஜா.

அங்கேயே நின்று இரண்டு உத்தரவு போட்டார். மண்டபம் அன்று முதல் பள்ளிக்கூடம். அரண்மனை தந்துவந்த பணம் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் நிற்கக் கூடாது. சீட்டுப் பணம் அதற்கு மேல்தான் சேர வேண்டும். மைத்துனர்கள் இருபது பேரும், மற்றப் பள்ளிக்கூடங்களின் கூரை முடியும் வரை ஓடு சுமக்கப் போனார்கள். மார்த்தாண்டர் கருவூலச் சாவியை ராஜாவிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

பிறகு ராஜா தம் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றிக் குழைக்காதனிடம் நீட்டினார். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். ஆனால் போட்டுக்கொள்ளாமல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்ன பார்க்கிறாய்?"

"தப்பாக நினைக்கக் கூடாது மகாராஜா. இது எந்தப் பணத்தில் வாங்கியது?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பாடத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். "என் பாட்டனார் போட்டிருந்த காப்பு அது," என்று சிரிப்புக்கு நடுவே சொன்னார் ராஜா. அதன் பிறகுதான் குழைக்காதன் அதைக் கையில் மாட்டிக்கொண்டான்.