குளவி மாதிரி கட்டு

உத்தமராயர்னு ஒரு ராஜா. கோவக்காரர் இல்ல, கெட்டவரும் இல்ல. காதுல கடைசியா யார் பேசினாங்களோ, அவங்க பக்கம்.

ராணிக்குப் புது மாளிகை எழும்பிட்டிருந்துச்சு. ஒரு நாள் அரண்மனை ஜன்னல் ஓரத்துல குளவி ஒண்ணு மண்ணைக் குழைச்சுக் கூடு கட்டுது. பிரதானி நீலமேகம் ராஜா காதுகிட்ட வந்தார். தன் மச்சானைத் தலைமைக் கொத்தனாக்கணும்னு அவருக்கு ரொம்ப நாள் ஆசை.

"பாத்தீங்களா மகாராஜா. ஒத்தையாளு. சாரம் இல்ல, சித்தாள் இல்ல. நம்ம கொத்தன் சங்கிலிக்கு மட்டும் நாப்பது ஆள் வேணுமாம்."

ராஜா சங்கிலியைக் கூப்பிட்டுவிட்டார். "இனிமே நீயும் குளவி மாதிரி கட்டு. முடியலன்னா ஊரைக் காலி பண்ணு."

சங்கிலி மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு, சபையில விகடம் பேசுற பஞ்சநதத்துகிட்ட போனான். "சாமி, பிள்ளகுட்டிங்களைக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?"

"ஏன் போகணும்? குளவி மாதிரின்னுதானே சொன்னார். அப்படியே கட்டு."

கட்டினான். வெறும் மண்ணு. பெரிய பானை மாதிரி உருண்டையா, உச்சியில ஒரு ஓட்டை. ராஜா சபையோட பாக்க வந்தார். ஒரு சுத்து சுத்தினார்.

"வாசல் எங்கடா?"

"குளவி வாசல் வைக்காதுங்க."

"ஜன்னல்?"

"வைக்காதுங்க."

"அப்ப அந்த ஓட்டை?"

"அடைச்சுடுவேங்க. உள்ள ஒரு சாமான் போகணும். அதுக்குத்தான் காத்திருக்கேன்."

"என்ன சாமான்?"

சங்கிலி பஞ்சநதத்தைப் பாத்தான். பஞ்சநதம் தொண்டையைக் கனைச்சுக்கிட்டார்.

"புழு, மகாராஜா. குளவி ஒரு புழுவைக் கொட்டி, மயங்கவெச்சு, உசுரோட உள்ள போட்டுத்தான் அடைக்கும். குஞ்சுக்குச் சாப்பாடு. இந்தக் கூட்டுக்கு ஏத்த அளவுல வேணும். இருந்த இடத்துலேயே தின்னு கொழுத்ததா இருக்கணும். பச்சையா இருந்தா ரொம்ப விசேஷம்."

எல்லாரும் பிரதானி பக்கம் திரும்பினாங்க. பிரதானி அன்னிக்குப் பச்சைப் பட்டு.

சங்கிலி கையில குழைச்ச மண்ணோட பிரதானியை மேலேருந்து கீழ வரைக்கும் பாத்தான். அப்புறம் ஓட்டையைப் பாத்தான்.

"கொஞ்சம் பெருசாக்கணுங்க."

ராஜாவுக்கு வாயோரம் துடிச்சுது. "நீலமேகம், இப்படிப் பக்கத்துல வந்து நில்லும். அளவு பாக்கட்டும்."

பிரதானி நின்ன இடத்தை விட்டு அசையல.

"அதுக்கில்ல மகாராஜா. நாப்பது ஆள் எப்படிப் பத்தும்னுதான் நான் அன்னிக்கே கேக்க நெனச்சேன்."